தீட்டும் சோறும்: ஒரு ஜப்பானியக் குடும்பப் படமும் அது பேசாமல் விட்ட வரலாறும்



எங்கள் வாசிப்பு வட்டத்தில் மாதம் ஒருமுறை உறுப்பினர் விருந்து நடக்கும். சேர்ந்து சமைப்போம், சேர்ந்து சாப்பிடுவோம், பிறகு ஒரு படம் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவோம். போன மாதம் ஒரு சின்ன மண்டபத்தைக் கேட்டுப் பார்த்தோம். வாடகை எல்லாம் பேசி முடித்த பிறகு, "சாப்பாடு சைவந்தானே?" என்றார்கள். மாட்டுக்கறி என்றோம். அந்தத் தேதி காலி இல்லை என்று பதில் வந்தது. வழக்கம்போல ஒரு தோழர் வீட்டு மொட்டை மாடிக்கே போய்விட்டோம். மாட்டுக்கறிக் குழம்பு, குடல் வறுவல், ரசம், சோறு. கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, கடன் வாங்கிய ப்ரொஜெக்டரில் படம் ஓடியது.

பார்த்த படம் 'டிபார்ச்சர்ஸ்'. ஜப்பானிய மொழியில் 'ஒகுரிபிடோ', அதாவது வழியனுப்புகிறவர். இயக்குநர் யோஜிரோ தகிதா. 2008-இல் வெளியாகி, 2009-இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. கதை எளிமையானது. டோக்கியோவில் இசைக்குழு கலைக்கப்பட்டதும் செல்லோ கலைஞன் தைகோ வேலையிழக்கிறான். மனைவியோடு யமகதா மாகாணத்திலுள்ள சொந்த ஊருக்குத் திரும்புகிறான். 'பயணத்துக்கு உதவும் வேலை' என்ற பொருளில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, சுற்றுலா நிறுவனம் என்று நினைத்துப் போகிறான். போன பிறகுதான் தெரிகிறது, இறந்தவரைச் சுத்தம் செய்து, உடை மாற்றி, ஒப்பனை செய்து பெட்டியில் வைக்கும் வேலை அது என்று.

மனைவியிடம் மறைக்கிறான். உண்மை தெரிந்ததும் அவள், அசுத்தமானவன், என்னைத் தொடாதே என்கிறாள். தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். பால்ய நண்பன் வேறு ஒழுங்கான வேலை பார் என்று சொல்லி விலகுகிறான். பிறகு அந்த நண்பனின் தாய் இறக்கிறார். தைகோ அவர் உடலை எவ்வளவு மரியாதையோடு தொடுகிறான் என்பதை மனைவியும் நண்பனும் கண்ணால் பார்க்கிறார்கள். மனம் மாறுகிறார்கள். கடைசியில், சிறுவயதில் தன்னைக் கைவிட்டுப் போன அப்பாவின் உடலையே தைகோ தன் கையால் வழியனுப்புகிறான்.

படம் முடிந்தபோது பலர் கண் துடைத்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு தோழர் பேசினார். அவருடைய அப்பா மயானத் தொழிலாளி. "அவன் பேப்பர்ல விளம்பரம் பார்த்து அந்த வேலைக்குப் போனான் தோழர். எங்கப்பாவுக்கு யாரும் விளம்பரம் கொடுக்கல. தாத்தா செஞ்சாரு, அதனால அப்பாவும் செஞ்சாரு. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஜப்பானில் விளம்பரம் பார்க்காமல் அந்த 'அசுத்தத்துக்குள்' பிறந்தவர்கள் யார்? படத்தில் அவர்கள் ஏன் இல்லை? அன்று பேசியதையும், பிறகு நாங்கள் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முப்பது நாள் தீட்டு

ஜப்பானிய மொழியில் தீட்டுக்கு 'கெகாரே' என்று பெயர். கி.பி. 927-இல் தொகுக்கப்பட்ட 'எங்கிஷிகி' என்ற அரசவைச் சட்டத் தொகுப்பு இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. மனித இறப்புக்கு 30 நாள், பிரசவத்துக்கு 7 நாள், வீட்டு விலங்கு செத்தால் 5 நாள், இறைச்சி தின்றால் 3 நாள். தீட்டு தொற்றும் விதமும் அதில் உண்டு. தீட்டுப்பட்ட வீட்டுக்குள் போய் ஒருவர் உட்கார்ந்தால் அவருக்கும், அவர் வழியாக அவர் வீட்டாருக்கும் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் முன்பே, 675-இல், பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் சில மாதங்களுக்குத் தடை செய்திருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் தீட்டுக்கு நாள் கணக்கு உண்டு. முப்பது நாள் ஆனால் போய்விடும். பேரரசர் வீட்டிலும் சாவு விழும், அங்கேயும் தீட்டு வரும். ஆனால் செத்த மாட்டை அகற்றுவது, தோலை உரிப்பது, பிணத்தைச் சுமப்பது, எரிப்பது ஆகிய வேலைகளை யாராவது தினமும் செய்தாக வேண்டும். தினமும் செய்கிறவருக்கு முப்பது நாள் எப்போது முடியும்? ஒருபோதும் முடியாது. தீட்டு ஒரு நிலையாக இருந்தது போய், ஓர் ஆளாக மாறியது. பிறகு அந்த ஆளின் பிள்ளைகளாகவும் மாறியது.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் கவசத்துக்கும் குதிரைச் சேணத்துக்கும் தோல் தேவைப்பட்டது. பிரபுக்கள் தோல் தொழிலாளர்களைத் தங்கள் கோட்டைக்குப் பக்கத்திலேயே குடியேற்றினார்கள். போர் ஓய்ந்து எதோ காலம் (1603–1868) வந்தபோது, அதே மக்கள் பிறப்பால் கட்டப்பட்டார்கள். 'எதா' என்று அழைக்கப்பட்டார்கள். அந்தச் சொல்லை எழுதிய எழுத்துகளின் பொருள் 'மிகுந்த அசுத்தம்'. இன்னொரு பிரிவுக்கு 'ஹினின்' என்று பெயர். பொருள் 'மனிதரல்லாதவர்'. பிச்சை எடுப்பது, துப்புரவு, தண்டனைக் களத்து வேலைகள் அவர்கள் தலையில் விழுந்தன. பிணம் எரிப்பவர்களும் 'ஒன்போ' என்ற பெயரில் பல பகுதிகளில் ஒதுக்கப்பட்டார்கள். தலைநகர் எதோவில் தான்சாய்மோன் என்ற பட்டப்பெயரோடு ஒரு தலைவர் பரம்பரையாக நியமிக்கப்பட்டு, கிழக்கு ஜப்பானின் எதா மக்கள் அவர் ஆளுகையில் வைக்கப்பட்டார்கள்.

செத்த மாட்டின் கதை நமக்கு நெருக்கமானது. விவசாயி உயிரோடு இருக்கும் மாட்டுக்குத்தான் சொந்தக்காரர். மாடு செத்தால் அதை ஊருக்கு வெளியே குறிப்பிட்ட இடத்தில் விட்டுவிட வேண்டும். அந்த எல்லைக்கு உரிமையுள்ள எதா குடும்பங்கள் அதை எடுத்துக்கொள்ளும். பதிலுக்குப் பிரபுவுக்குத் தோல் கொடுக்க வேண்டும். அது உரிமையாகவும் கட்டாயமாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. அவர்கள் உரித்துப் பதப்படுத்திய தோலில் செய்த முரசு கோயிலுக்குள் போனது. செய்தவர்கள் போக முடியவில்லை.

கல்லறையிலும் சாதி

படத்தில் பெட்டிக்குள் வைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் சமமான மரியாதை கிடைக்கிறது. வரலாற்றில் அப்படி இல்லை. ஜப்பானியப் பௌத்த வழக்கத்தில் இறந்தவருக்குக் குரு ஒரு புதுப் பெயர் சூட்டுவார். அதைக் கல்லறையில் பொறிப்பார்கள், கோயிலின் இறப்புப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் இறந்தபோது பல கோயில்கள் அந்தப் பெயருக்குள் 'விலங்கு', 'தோல்', 'இழிந்த' என்ற பொருள் தரும் எழுத்துகளை ஒளித்து வைத்தன. பல குடும்பங்கள் தலைமுறைகளாக அந்தக் கல்லுக்கு முன்னால் கைகூப்பி நின்றன. அந்த எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

1979-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த உலக சமய மாநாட்டில், சோதோ ஜென் பிரிவின் தலைவர் ஒருவர் எழுந்து, ஜப்பானில் இப்படி ஒரு பாகுபாடே கிடையாது என்றார். அறிக்கையிலிருந்து அந்தக் குறிப்பை நீக்கவும் சொன்னார். புராகு விடுதலை இயக்கம் அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டது. அதற்குப் பிறகுதான் அந்தப் பிரிவு தன் கோயில்களின் கல்லறைகளையும் பதிவேடுகளையும் திறந்து பார்த்தது. தவறை ஒப்புக்கொண்டு, பெயர்களை மாற்றத் தொடங்கியது.

அம்பேத்கர் காட்டிய வழியில் பௌத்தத்தை நேசிக்கும் நமக்கு இது கசப்பான செய்தி. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. நல்ல கொள்கை இருந்தால் மட்டும் போதாது. அதை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

காகிதத்தில் வந்த விடுதலை

1871-இல் மீஜி அரசு ஓர் ஆணை போட்டது. எதா, ஹினின் என்ற பெயர்கள் ஒழிந்தன, இனி எல்லோரும் குடிமக்கள் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது என்ன? செத்த மாட்டின் மீதிருந்த உரிமை போனது. வரிவிலக்கு போனது. வரியும் கட்டாய ராணுவ சேவையும் வந்தன. நிலமோ, கடனோ, இழப்பீடோ வரவில்லை. அதே அரசு, சலுகை இழந்த சாமுராய்களுக்கு மானியத்துக்கு ஈடாக அரசுப் பத்திரம் கொடுத்தது. இழந்த மேல்சாதிக்கு நட்டஈடு, விடுதலை பெற்றவனுக்கு வெறுங்கை.

அதுகூட மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1873-இல் இன்றைய ஒகயாமா மாகாணத்தில், மிமசகா பகுதியில், புதிய அரசின் நடவடிக்கைகளை எதிர்த்துக் கிளம்பிய விவசாயிகள் புராகு ஊர்களைத் தாக்கினார்கள். 18 பேர் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. அவர்கள் செய்த 'குற்றம்' பழையபடி பணிந்து நடக்காதது. இனிமேல் பழையபடியே நடந்துகொள்வோம் என்று பல ஊர்களில் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். கீழ்வெண்மணியைப் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1872-இல் தொடங்கிய குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் 'புதிய குடிமகன்' என்று குறித்து வைத்தார்கள். பழைய பெயர் போய்ப் புதிய பெயர் வந்தது, அடையாளம் மட்டும் அப்படியே நின்றது. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலை 1968 வரை நீடித்தது.

சேர்ந்து உட்கார்ந்தவர்கள்

இப்போது எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறோம். நாரா மாகாணத்தில் கஷிவாரா என்று ஒரு புராகு ஊர். தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் பசை காய்ச்சுகிற தொழில் அங்கே இருந்தது. அந்த ஊர் இளைஞர்கள் சிலர் 1920-இல் 'சிட்டுக்குருவி' போன்ற ஒரு சின்னப் பறவையின், தகைவிலான் குருவியின், பெயரில் ஒரு சங்கம் வைத்தார்கள். சேர்ந்து பொருள் வாங்குவது, உறுப்பினர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தருவது, சேர்ந்து பயணம் போவது. பார்வைக்கு நம் உறுப்பினர் விருந்து மாதிரிச் சாதாரணக் காரியங்கள்தான். ஆனால் அங்கே உட்கார்ந்து பேசிய சாய்கோ மான்கிச்சி, சகாமோட்டோ செய்ச்சிரோ, கொமாய் கிசாகு ஆகியோர்தான் இரண்டே ஆண்டுகளில் 'சுய்ஹெய்ஷா' என்ற நாடு தழுவிய சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள்.

1922 மார்ச் 3 அன்று கியோட்டோவின் ஒகசாகி பொது மண்டபத்தில் முதல் மாநாடு. சாய்கோ எழுதிய பிரகடனத்தை ஜப்பானின் முதல் மனித உரிமைப் பிரகடனம் என்கிறார்கள். இரக்கத்தால் எங்களை விடுவிக்க முடியாது, எங்களை நாங்களே விடுவித்துக்கொள்வோம் என்பது அதன் சாரம். எதா என்ற வசைச்சொல்லையே எடுத்து, அப்படிப் பிறந்ததில் பெருமைப்படும் காலம் வந்துவிட்டது என்று அறிவித்தது. 'தலித்' என்ற சொல்லை நாம் எப்படி எடுத்துக்கொண்டோமோ, அப்படி. யமாதா கோனோஜிரோ என்ற பதின்ம வயதுச் சிறுவன் மேடையேறி, பள்ளியில் தான் அனுபவித்ததைச் சொன்னபோது மண்டபமே அழுதது. மாணவத் தோழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்கோவே ஒரு பௌத்தக் கோயில் குடும்பத்துப் பிள்ளை. அவர் இயக்கம் நேராகப் பெரிய கோயில் நிர்வாகங்களிடம் போய், எங்கள் மக்களை இழிவாக நடத்திக்கொண்டே எங்கள் காணிக்கையை வாங்காதீர்கள் என்று சொல்லி, நன்கொடையை நிறுத்தச் சொன்னது.

அடுத்த ஆண்டே, 1923-இல், கொரியாவில் இறைச்சித் தொழில் செய்த பெக்ஜொங் மக்கள் ஜின்ஜு நகரில் 'ஹியொங்பியொங்சா' என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். கொரியாவை ஜப்பான் அடிமைப்படுத்தியிருந்த காலத்திலும் இரண்டு இயக்கங்களும் தொடர்பு வைத்திருந்தன. 1927-இல் மகாத். தண்ணீர் உரிமையோடு, செத்த மாட்டிறைச்சி உண்பதை நிறுத்துங்கள் என்றும் அம்பேத்கர் அங்கே சொன்னார். ஐந்தே ஆண்டுகளுக்குள் ஆசியாவின் மூன்று இடங்களில், தோலையும் இறைச்சியையும் காட்டித் தள்ளி வைக்கப்பட்டவர்கள் எழுந்து நின்றார்கள்.

கிடைத்ததும் கிடைக்காததும்

போருக்குப் பிறகு சுய்ஹெய்ஷாவின் தலைவர் மட்சுமோட்டோ ஜிச்சிரோ நாடாளுமன்ற மேலவையின் துணைத் தலைவரானார். பேரரசருக்கு முதுகு காட்டக்கூடாது என்பதற்காக நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க வேண்டும் என்று ஒரு மரபு. 1948-இல் அப்படி நடக்க மறுத்துவிட்டார். ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு முன்னால் நண்டாக முடியாது என்பதுதான் விஷயம்.

1961-இல் கோச்சி நகரத்தின் நகஹாமா பகுதியில் புராகுத் தாய்மார்கள் போராடினார்கள். கட்டாயக் கல்வி இலவசம் என்று அரசியலமைப்பு சொல்கிறதே, பிறகு பாடநூலுக்கு ஏன் காசு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நாடு முழுக்கப் பரவியது. 1963 முதல் படிப்படியாக ஜப்பானின் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பாடநூல் கிடைத்தது. இன்று அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒடுக்கப்பட்டவர் போராட்டம் எல்லோருக்கும் சோறு போடும். பரிமாறியவர் பெயரை மட்டும் மறந்துவிடுவார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. புராகுப் பகுதிகள் எங்கெங்கே இருக்கின்றன, எத்தனை வீடுகள், என்ன தொழில் என்ற ரகசியப் பட்டியல்கள் நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது 1975-இல் அம்பலமானது. வாங்கியவை 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். வேலைக்கு விண்ணப்பித்தவரின் முகவரியைப் பார்த்துக் கழிப்பதற்காக. 2016-இல்தான் புராகுப் பாகுபாடு இன்னும் இருக்கிறது என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளும் சட்டம் வந்தது. அதிலும் தண்டனைப் பிரிவு கிடையாது.

மறுபடியும் படத்துக்கு

இவ்வளவையும் வைத்துக்கொண்டு 'டிபார்ச்சர்ஸ்' படத்தை நினைத்துப் பாருங்கள். நியாயமாகப் பேசுவோம். தைகோ புராகு பிரிவைச் சேர்ந்தவன் அல்ல. உடலைப் பெட்டியில் வைக்கும் அந்தத் தொழிலும் அவர்களின் பரம்பரைத் தொழில் அல்ல, முன்பு குடும்பத்தாரே செய்ததுதான். படத்துக்குத் தூண்டுதலாக இருந்தது, அந்த வேலையைச் செய்த ஷின்மோன் அவோகி 1993-இல் எழுதிய நூல். படம் தன் நூலிலிருந்து விலகிவிட்டது என்று அவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனவே படம் பொய் சொல்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மனைவியின் வாயிலிருந்து வந்த 'அசுத்தம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று படம் கேட்கவே இல்லை. ஆயிரம் ஆண்டு வரலாறுள்ள ஒரு சொல்லை, ஒரு குடும்பச் சண்டையாகத் தீர்த்துவைக்கிறது. தைகோவின் கைநேர்த்தியைப் பார்த்ததும் எல்லோரும் திருந்திவிடுகிறார்கள். தோல் தொழிலாளியின் கைநேர்த்தியை ஜப்பான் முந்நூறு ஆண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கவசமாகப் போட்டுக்கொண்டது, முரசாக அடித்தது. திருந்தவில்லையே.

ஆனால் படம் ஓர் இடத்தில் தன்னையறியாமல் உண்மையைத் தொடுகிறது. அது சாப்பாடு. முதலாளி சசாகி, வேலையை விட்டுப் போக வந்த தைகோவை உட்காரவைத்து, மீனின் விந்துப்பையைச் சுட்டுக் கொடுக்கிறார். இதுவும் ஒரு பிணம்தான், உயிருள்ளவை செத்ததைத் தின்றுதான் வாழ்கின்றன என்கிறார். கிறிஸ்துமஸ் இரவில் மூன்று பேரும் சேர்ந்து கோழிக்காலைக் கடித்துத் தின்கிறார்கள். சாவைத் தொட்ட கையோடு சேர்ந்து தின்பது. எங்கிஷிகி எதைத் தடுத்ததோ, அதே காரியம்.

புராகு ஊர்களில் 'அபுரகாசு' என்று ஓர் உணவு உண்டு. மாட்டுக் குடலை அதன் கொழுப்பிலேயே மொறுமொறுவென்று பொரித்து எடுப்பது. மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளியதிலிருந்து பிறந்த ருசி. இன்று ஒசாகாவில் அதை நூடுல்ஸ் சூப்பில் போட்டுக் கடைகளில் விற்கிறார்கள், ஊரே தின்கிறது. எங்கள் மாடியில் குடல் வறுவல் தட்டு மூன்றாவது முறை சுற்றி வந்தபோது இதைப் பேசினோம். உணவு ஊரைச் சேர்ந்துவிட்டது. சமைத்தவரின் பிள்ளையைக் கட்டிக்கொள்ள ஊர் இன்னும் யோசிக்கிறது. அங்கேயும்தான், இங்கேயும்தான்.

அப்படியென்றால் அந்த வேலைகளை நாம் என்ன செய்வது? வெறுப்பதா, பெருமைப்படுவதா? ஒசாகாவின் நனிவா பகுதியில் ஒரு பதில் இருக்கிறது. பல தலைமுறையாக முரசு செய்த புராகு ஊர் அது. அவர்கள் செய்த முரசை அடித்தவர்கள் வேறு ஆட்கள். 1987-இல் அந்த ஊர் இளைஞர்கள் தாங்களே முரசை எடுத்து ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் 'இகாரி'. பொருள் கோபம். சாவு வீட்டில் கட்டாயத்துக்கு அடித்த பறையை எடுத்து மேடையில் நமக்காக அடித்தவர்கள் நாம். இந்தப் பதில் நமக்குப் புரியும். தொழிலில் இழிவு இல்லை. நீதான் செய்ய வேண்டும் என்று பிறப்பைக் காட்டிச் சொல்வதில்தான் இழிவு இருக்கிறது. முதலில் அந்தக் கட்டாயத்தை உடைக்க வேண்டும். அது உடைந்த பிறகு மிஞ்சும் திறமை நம்முடையது. வைத்துக்கொள்வதும் விட்டுவிடுவதும் நம் விருப்பம்.

புராகு மக்களுக்கும் நமக்கும் உள்ள உறவு வெறும் ஒப்பீடு அல்ல. புராகு விடுதலைக் கழகத்தின் முன்முயற்சியில் 1988-இல் அனைத்துவகைப் பாகுபாடுகளுக்கும் எதிரான ஒரு சர்வதேச இயக்கம் தொடங்கியது. தலித் அமைப்புகளோடு சேர்ந்து அது ஐ.நா.வின் கதவைத் தட்டியது. 2000-இல் ஐ.நா.வின் மனித உரிமைத் துணைக்குழு 'தொழிலையும் பிறப்பு வழியையும் அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு' மனித உரிமைச் சட்டங்களுக்கு எதிரானது என்று தீர்மானம் போட்டது. 2001-இல் டர்பன் மாநாட்டில் சாதி பற்றிய பேச்சே வேண்டாம் என்று இந்திய அரசு நின்றது. 2002-இல் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தெளிவாகச் சொன்னது. அந்தச் சொற்றொடருக்குள் கஷிவாராவின் பசைத் தொழிலாளியும் இருக்கிறார், நம் தோழரின் அப்பாவும் இருக்கிறார்.

அன்று இரவு பாத்திரம் கழுவும்போது அந்தத் தோழர் சொன்னார். "எங்கப்பா வேலையை யாராவது இவ்வளவு அழகா படம் எடுத்தா நானும் அழுதுட்டேதான் பார்ப்பேன். ஆனா அதுக்கு முன்னாடி அவருக்குக் கையுறை வரட்டும், மாசச் சம்பளம் வரட்டும். தம்பிக்கு வேற வேலை வரட்டும்."

அடுத்த விருந்துக்கு முன் ஒரு வேலை வைத்திருக்கிறோம். உங்களையும் அழைக்கிறோம். உங்கள் ஊர் மயானத்துக்குப் போங்கள். அங்கே வேலை செய்கிறவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், எவ்வளவு, பணி நிரந்தரமா, அவருக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசிக் கேள்விக்கு எத்தனை பேர் 'எங்கப்பா' என்று பதில் சொல்கிறார்கள் என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

சோறு நாங்கள் போடுகிறோம்.

ஜெய் பீம்!